காளான் அறைக்கும் மூச்சு வேண்டும்

- மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன், காரவள்ளி



நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் பஸ் ஏறியவர்களுக்கு எங்கள் காரவள்ளி தெரிந்திருக்கும். மலையின் அடிவாரம். அந்தப் பேர்போன 70 கொண்டை ஊசி வளைவுகளும் இங்கிருந்துதான் ஆரம்பம். வருகிற வழியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் மூக்கே ஊரைச் சொல்லிவிடும். கோழிப்பண்ணை வந்தால் கண் எரிகிற மாதிரி ஒரு நெடி. ஜவ்வரிசி ஆலை வந்தால் திப்பியும் கழிவுத் தண்ணீரும் புளித்த வாடை. காரவள்ளி தாண்டி வண்டி மேலே ஏற ஏற எல்லாம் மறைந்து, மிளகும் காப்பியும் ஈர மண்ணும் கலந்த காற்று வரும்.

மூக்குக்கு இவ்வளவு தெரிகிறதே, அது சொல்வதை நாம் கேட்கிறோமா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். வீட்டுக்குள் ஓர் அறையில் காளான் வளர்த்தால் அந்த அறைக்குக் காற்று எவ்வளவு வேண்டும், நாற்றம் ஏன் வருகிறது, அதை எப்படிப் போக்குவது என்று பார்ப்போம். தெர்மலிலும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸிலும் மார்க்குக்காக நாம் மனப்பாடம் செய்த சூத்திரங்கள் இங்கே ஒரு வீட்டின் வருமானத்தையும், ஒரு தாயின் நுரையீரலையும் காப்பாற்றும் என்றால் நம்புவீர்களா?

எங்கள் வீட்டில் நடந்தது

எங்கம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிச் சிப்பிக்காளான் போட்டார்கள். வீட்டை ஒட்டியே ஓர் அறை. 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம். உறி மாதிரி கயிற்றில் 100 படுக்கைகள் தொங்கின. ஈரம் போய்விடக்கூடாது, பூச்சி வரக்கூடாது என்று ஜன்னலுக்கு பாலிதீன் அடித்து, கதவு இடுக்கில்கூடத் துணி திணித்தாகிவிட்டது.

முதல் பத்து நாள் ஒன்றுமில்லை. காளான் மொட்டு விட ஆரம்பித்ததும் வினை வந்தது. குடை விரிய வேண்டிய காளான், நீளமான தண்டும் பொத்தான் அளவு தலையுமாக வளர்ந்தது. சந்தையில் யாரும் வாங்கவில்லை. நான்கைந்து படுக்கையில் இருந்து புளிச்ச நாற்றம் வீடெங்கும் வந்தது. அம்மா தினமும் சாம்பிராணி போட்டார்கள். அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று தட்டில் அடுப்புக்கரி வைத்தார்கள். நாற்றம் கொஞ்சம் குறைந்தது, காளான் மாறவில்லை. அதைவிட மோசம், சாயங்காலமானால் அம்மாவுக்கு இருமல், லேசாகக் குளிர் காய்ச்சல். காலையில் சரியாகிவிடும்.

"பனிக்காத்து ஒத்துக்கல கண்ணு, வேற ஒண்ணுமில்ல" என்பார்கள்.

பனிக்காற்று இல்லை நண்பர்களே. அந்த அறையில் காற்றே இல்லை!

காளானும் நம்மைப் போலத்தான்

நம்மில் பலர் நினைப்பது, காளான் ஒரு செடி என்று. இல்லை. செடி பகலில் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு பிராண வாயுவை விடும். காளானுக்குப் பச்சையமே கிடையாது. வைக்கோலைத் தின்று, நம்மைப் போலவே பிராண வாயுவை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. கூடவே வெப்பத்தையும் விடுகிறது. ஆக 100 படுக்கை தொங்கும் அறை என்பது, ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கும் டவுன் பஸ் மாதிரி. ஜன்னலைச் சாத்தினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

வெளிக்காற்றில் இன்று கரியமில வாயு பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல், அதாவது 420 பிபிஎம். ஜெர்மனியில் பெட்டன்கோஃபர் என்ற அறிஞர் 1858-லேயே, மனிதர் வாழும் அறையில் இது 1000 பிபிஎம்-ஐத் தாண்டக்கூடாது என்று எல்லை வகுத்தார். ஆச்சரியம் என்னவென்றால் சிப்பிக்காளானுக்கும் மொட்டு விடும் காலத்தில் ஏறத்தாழ அதே எல்லைதான் பொருந்துகிறது. வித்து பரவும் முதல் 15, 20 நாட்களில் மட்டும் அது அதிகக் கரியமில வாயுவையும் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் முதல் பத்து நாள் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மொட்டு விட்டபின் வாயு கூடினால், காளான் நல்ல காற்றைத் தேடுவது போலத் தண்டை நீட்டும், தலை சிறுக்கும். தண்டு நீளம்தான் அந்த அறையின் மீட்டர். தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை.

எவ்வளவு காற்று? ஒரு கணக்கு

இனி நம்ம சப்ஜெக்ட். கால்குலேட்டரை எடுங்கள்.

ஒரு படுக்கைக்கு 1 கிலோ காய்ந்த வைக்கோல் என்றால் 100 படுக்கைக்கு 100 கிலோ. பயிர் முடிய 50 நாள். அதற்குள் வைக்கோலில் 30 கிலோ கரைந்து கரியமில வாயுவாகப் போகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மாவுப் பொருள் 30 கிராம் எரிந்தால் 44 கிராம் கரியமில வாயு வரும் என்பது வேதியியல். ஆக 30 கிலோவுக்கு 44 கிலோ. 50 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 0.88 கிலோ, ஒரு மணிக்கு சுமார் 37 கிராம். பருமனில் சொன்னால் 20 லிட்டர்.

வெளியே 420 பிபிஎம். உள்ளே 820-க்கு மேல் போகக்கூடாது என்று வைப்போம். 400 பிபிஎம்தான் நமக்குள்ள இடைவெளி. 0.020 கன மீட்டரை 0.0004-ஆல் வகுத்தால் மணிக்கு 50 கன மீட்டர் புதுக்காற்று. இது சராசரி. காளான் பூத்துக் குலுங்கும் நாட்களில் மூச்சும் அதிகம்; மூன்று மடங்கு என்று வைத்தால் 150 கன மீட்டர்.

எங்கள் அறையின் கொள்ளளவு 12 × 10 × 9 = 1080 கன அடி, அதாவது 30.6 கன மீட்டர். 150-ஐ 30.6-ஆல் வகுத்தால் சுமார் 5. கொஞ்சம் கையிருப்பும் சேர்த்து, மணிக்கு 6 தடவை அறைக்காற்று முழுசாக மாற வேண்டும். அது மணிக்கு 184 கன மீட்டர். ஃபேன் கடைக்காரர் பாஷையில் நிமிஷத்துக்கு 108 கன அடி.

பாத்ரூமுக்குப் போடுகிற 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேனின் அட்டையில் பொதுவாக மணிக்கு 200-லிருந்து 300 கன மீட்டர் என்று போட்டிருக்கும். ஆனால் அது தடையே இல்லாத இடத்தில் அளந்த கணக்கு. பூச்சி வலையும் குழாயும் வைத்தால் குறையும். எனவே இருப்பதில் பெரிய எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். அவ்வளவுதான் செலவு! 100 படுக்கைக்கு ஒரு சின்ன ஃபேன்.

வரும் வழி, போகும் வழி

ஃபேன் மாட்டினால் போதுமா? போதாது. முதலில் நான் செய்த தப்பு இதுதான். ஃபேனை மாட்டினேன், காற்று உள்ளே வர வழி வைக்கவில்லை. ஃபேன் சுற்றியது, சத்தம் வந்தது, காற்று நகரவில்லை. ஸ்ட்ராவின் நுனியை விரலால் அடைத்துக்கொண்டு இளநீர் உறிஞ்சுவது போலத்தான்.

வரும் வழி ஒரு சுவரின் கீழே, தரையில் இருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். போகும் வழி எதிர்ச்சுவரின் மேலே, கூரையை ஒட்டி. அப்போதுதான் காற்று அறையைக் குறுக்கே கடந்து எல்லாப் படுக்கையையும் தொட்டுவிட்டுப் போகும். இரண்டையும் ஒரே சுவரில் வைத்தால், வந்த காற்று வந்த சுருக்கில் திரும்பிவிடும். மூலையில் இருக்கும் படுக்கை மூச்சு முட்டிச் சாகும். சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும். மூலைக்கு மூலை பிடித்துப் பாருங்கள். புகை எங்கே நின்ற இடத்திலேயே சுழல்கிறதோ அங்கே காற்று போகவில்லை என்று அர்த்தம்.

காற்றை உள்ளே தள்ளுவதா, வெளியே இழுப்பதா? வீட்டை ஒட்டிய அறை என்றால் இழுப்பதே நல்லது. அறைக்குள் அழுத்தம் சற்றுக் குறைவாக இருக்கும். அதனால் கதவு இடுக்கு வழியாக வீட்டுக் காற்று அறைக்குள் போகுமே தவிர, அறையின் வாடையும் தூளும் வீட்டுக்குள் வராது. ஃபேன் வாயை அடுத்த வீட்டு ஜன்னலைப் பார்த்து வைக்காதீர்கள். ஒரு குழாய் போட்டுக் கூரைக்கு மேலே விடுங்கள். பாதி பக்கத்து வீட்டுச் சண்டை இதிலேயே தீர்ந்துவிடும்.

கரண்ட் போனால்? சூடான காற்று மேலே போகும் என்ற புகைபோக்கித் தத்துவம் கை கொடுக்கும். மேலே ஒரு சதுர அடி, கீழே ஒரு சதுர அடி திறப்பு, நடுவே 2 மீட்டர் உயர வித்தியாசம், உள்ளே வெளியைவிட 3 டிகிரி சூடு என்றால் மணிக்குச் சுமார் 90 கன மீட்டர் காற்று தானாக நகரும் என்று சூத்திரம் சொல்கிறது. வலை கட்டினால் இன்னும் குறையும். நமக்குத் தேவையானதில் பாதி, சமாளிக்கலாம்.

ஆனால் இங்கேயும் ஒரு பாடம். எங்கள் ஊர் சித்திரை வெயிலில், தண்ணீர் தெளித்த அறை வெளியைவிடக் குளிர்ச்சி. அப்போது புகைபோக்கி தலைகீழாக வேலை செய்யும். குளிர்ந்த காற்று கீழ்த்துளை வழியாக வழிந்து ஓடும். மேலே இருந்து அனல் காற்று இறங்கும்! ஊதுபத்திப் புகை கீழ்நோக்கி வருவதைப் பார்த்து முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அந்த மத்தியான நேரத்தில் மேல் துளையை மூடி வைத்துவிட்டு, ராத்திரியும் விடியற்காலையும் நன்றாகத் திறந்து விட வேண்டும். அடிவாரத்தில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. பகலில் காற்று மலை ஏறும். ராத்திரி குளிர்ந்த காற்று மலையில் இருந்து இறங்கும். வரும் வழியை மலைப்பக்கம் வைத்தால் அந்த இலவச ஏ.சி. நமக்குத்தான்.

ஈரம் போகிறதே, என்ன செய்ய?

அம்மாவின் பயம் நியாயமானது. காளானுக்கு 80-லிருந்து 90 சதம் ஈரப்பதம் வேண்டும். காற்றை மாற்றினால் ஈரமும் போகும். அதற்காக வழியை அடைக்கக்கூடாது. வருகிற காற்றை நனைத்து அனுப்ப வேண்டும். வரும் வழியில் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, மேலே ஓட்டை போட்ட குழாயால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். வெளியே 35 டிகிரி, 40 சதம் ஈரம் என்றால், நன்றாக நனைந்த சாக்கைக் கடந்து வரும் காற்று 27, 28 டிகிரிக்கு இறங்கும். ஆவியாகும் தண்ணீர் மணிக்கு ஒரு லிட்டருக்குள்தான். சாக்கை வாரம் ஒருமுறை கழுவிக் காய வைக்கவும். இல்லாவிட்டால் அதுவே நாற்றமெடுக்கும். சாக்குக்கு வெளிப்புறம் நெருக்கமான பூச்சி வலை கட்டாயம்.

வெயில் அதிகமான மாதங்களில் சிப்பிக்காளானோடு மல்லுக்கட்டுவதைவிட இனத்தை மாற்றுவது புத்திசாலித்தனம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏ.பி.கே.2 என்ற பால்காளான் 30, 35 டிகிரியிலும் வரும். மலைமேல் இருப்பவர்களுக்குச் சிப்பி, அடிவாரத்தில் கோடைக்குப் பால் என்று பிரித்துக்கொள்ளலாம்.

நாற்றம் என்பது தகவல்

நல்ல படுக்கையின் வாசனை புது வைக்கோல் மாதிரி, மழை விழுந்த மண் மாதிரி இருக்கும். அது மாறினால் காரணம் உண்டு.

புளிச்ச வாடை: வைக்கோலில் தண்ணீர் அதிகம். காற்று புகாத இடத்தில் வேறு நுண்ணுயிர்கள் மாவுப்பொருளைப் புளிக்க வைக்கின்றன. ஜவ்வரிசி ஆலைத் தண்ணீர் நாறுவதும் இதே காரணத்தால்தான். சேலம், நாமக்கல் பக்கம் பல ஆலைகள் அந்தத் தண்ணீரை மூடிய தொட்டியில் விட்டு எரிவாயு எடுக்கின்றன. நாம் எரிவாயு எடுக்கப் போவதில்லை. எனவே வைக்கோலைச் சரியாகப் பிழிய வேண்டும். ஒரு கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கை நனைய வேண்டும், சொட்டக்கூடாது. அதுதான் 65 சதம்.

அழுகிய முட்டை வாடை: இன்னும் முற்றிய நிலை. அந்தப் படுக்கையை வெளியே எடுத்துவிடுங்கள், யோசிக்காதீர்கள்.

கண் எரியும் நெடி: அம்மோனியா. கோழிப்பண்ணையில் எச்சம் ஈரமானால் வருவது. அதனால்தான் நம் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீட்டி, பக்கங்களை வலை மட்டும் வைத்துத் திறந்து விடுகிறார்கள். வெயில் நேராக அடிக்காது, காற்று குறுக்கே ஓடும். காளான் படுக்கையில் இந்த நெடி வந்தால், சத்துக்காகச் சேர்த்த தவிடு போன்றவை அளவு மீறிவிட்டன என்று பொருள்.

பூசண வாடையும் பச்சைத் திட்டும்: பச்சைப் பூசணம். அறைக்குள் வைத்துத் திறக்காமல் பையோடு அகற்றவும்.

மூக்கைத் துளைக்கும் மருந்து நெடி: வைக்கோலைத் தூய்மை செய்யச் சிலர் ஃபார்மலின் கலக்கிறார்கள். அது புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என்று உறுதிப்பட்டது. வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். ஊறவைத்த வைக்கோலைக் கொதிநீரிலோ ஆவியிலோ வேகவைத்தால் போதும். விறகு கொஞ்சம் செலவாகும், நுரையீரல் மிஞ்சும்.

கரி எதைச் செய்யும், எதைச் செய்யாது?

"கரிப்பெட்டி வெச்சா வாடை போயிடும்" என்று பலர் சொல்வார்கள். பாதி உண்மை. தேங்காய்த் தொட்டியில் இருந்து செய்யும் ஆக்டிவேட்டட் கார்பனில் ஒரு கிராமுக்குள் சுமார் 1000 சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கிறது. நாற்ற மூலக்கூறுகள் அந்த நுண்துளைகளில் ஒட்டிக்கொள்ளும். தட்டில் வைத்த அடுப்புக்கரிக்கு அந்தச் சக்தி மிகக் குறைவு. அதோடு காற்று கரியைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். கரி சும்மா உட்கார்ந்திருந்தால் பயனில்லை.

ஆனால் மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, காற்று மிக ஈரமாக இருந்தால் துளைகளில் தண்ணீரே நிரம்பிவிடும். கரி சீக்கிரம் களைத்துவிடும். இரண்டு, அம்மோனியாவைச் சாதாரண ஆக்டிவேட்டட் கார்பன் சரியாகப் பிடிக்காது. மூன்றுதான் முக்கியம்: நம் அறையின் கரியமில வாயுவை அது குறைக்காது. அறைக்காற்றையே கரிப்பெட்டி வழியாகச் சுற்றிச் சுற்றி விட்டால், வாடை போய்விடும், ஆபத்து அப்படியே இருக்கும். மணி அடிக்கிறது என்று அலாரத்தின் ஒயரைப் பிடுங்குகிற வேலை அது. கரி வைப்பதானால் வெளியேறும் குழாயில், கடைசியாக, அக்கம்பக்கத்தாருக்காக வையுங்கள். அதன் தடைக்கேற்ப ஃபேனையும் பெரிதாக்குங்கள். சாம்பிராணியும் ஊதுபத்தியும் நாற்றத்தை அகற்றுவதில்லை. அதன்மேல் புகையைப் போர்த்துகின்றன.

அம்மாவின் சாயங்காலக் காய்ச்சல்

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். முற்றிய சிப்பிக்காளான் கண்ணுக்குத் தெரியாத விதைத்தூளைக் கோடிக்கணக்கில் காற்றில் விடும். காலையில் கருப்புத் துணியை விரித்துவிட்டு மாலையில் பார்த்தால் வெள்ளை மாவு படிந்திருக்கும். அதைத் தொடர்ந்து மூச்சில் இழுத்தால் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை கொண்டு வீங்கும். காளான் பண்ணை நுரையீரல் நோய் என்று மருத்துவ நூல்கள் சொல்வது இதைத்தான். அறிகுறி என்ன தெரியுமா? வேலை முடித்த சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சு வாங்கல். மறுநாள் சரியாகிவிடும். அதனால் சளிக் காய்ச்சல் என்றே எல்லோரும் விட்டுவிடுவார்கள். வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரல் தழும்பேறிவிடும், அது திரும்பாது.

எங்கம்மாவிடம் டாக்டர் முதலில் தொழில் என்ன என்று கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. இரண்டாம் முறை போனபோது "காளான் ரூம்ல வேலைங்க" என்று சொன்னபிறகுதான் விஷயம் பிடிபட்டது. உங்கள் வீட்டில் யாராவது இந்தத் தொழில் செய்தால் டாக்டரிடம் இதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

காப்பு சுலபம். காளானின் ஓரம் கீழே சுருண்டிருக்கும்போதே பறித்துவிட வேண்டும். ஓரம் நிமிர்ந்து மேலே மடிந்தால் தூள் கொட்ட ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அறுவடைக்குக் கால் மணி முன்பே ஃபேனைப் போடுங்கள். லேசாகத் தண்ணீர் தெளித்துத் தூளை அடக்குங்கள். முந்தானையை மூக்கில் சுற்றினால் போதாது. என்-95 முகமூடி வேண்டும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவர் அறைக்குள் போவதையே நிறுத்துவது உத்தமம்.

இப்போது எங்கள் வீட்டில் பறிப்பது நான், லீவு நாளில். மற்ற நாளில் சித்தப்பா. அம்மா வெளியே உட்கார்ந்து எடை போடுகிறார்கள். சாயங்கால இருமல் நின்றுவிட்டது. காளானும் குடை விரித்தது. ஃபேன், சாக்கு, வலை, ஒரு குழாய், இவ்வளவுதான் மாற்றம்.

முடிவாக

நண்பர்களே, கோழிக் கொட்டகை, வெல்டிங் ஷெட், பட்டறை, நம்ம ஹாஸ்டல் சமையலறை என்று மூடிய இடம் எதுவானாலும் வரிசை இதுதான். முதலில் நாற்றத்தின் காரணத்தைத் தேடு. இரண்டாவது காற்றுக்கு வழி விடு. மூன்றாவது உள்ளே வேலை செய்கிறவரின் மூச்சைப் பார். வாசனை சேர்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. பெரும்பாலும் தேவையே படாது.

அரியர் வைத்து, திட்டு வாங்கி நாம் படித்த சூத்திரம் ஒரு நாள் நம் வீட்டுக்கே வேலை செய்யும். அடுத்த முறை காரவள்ளி பக்கம் வந்தால் எங்கள் காளான் அறையை வந்து பாருங்கள். கையில் ஓர் ஊதுபத்தி மட்டும் கொண்டு வாருங்கள். சாமிக்கு அல்ல, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க!